தொட்டில்வண்டியா, சிறுதேரா? பிராம், புஷ்சேர், பக்கி மூன்றுக்கும் தமிழ்

மடல் 1 | லண்டன் | செவ்வாய் காலை

அவையோருக்கு வணக்கம்.

வெள்ளி மாலைக்குள் எட்டுப் பக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் கொடுத்தாக வேண்டும். ஈஸ்ட்ஹாம், ஹாரோ பக்கத்துத் தமிழ்ப் பெற்றோர் முதல் குழந்தைக்கு வண்டி வாங்கப் போகுமுன் படிப்பதற்கானது. ஆங்கில மூலத்தில் மூன்று பெயர் வருகிறது. பிராம் என்பது குழந்தை மல்லாந்து படுத்துக்கொண்டு போவது. புஷ்சேர் உட்கார்ந்து போவது. பக்கி எடை குறைந்தது, குடைபோல மடங்குவது. பேச்சில் மூன்றையும் பக்கி என்றே சொல்லிவிடுகிறார்கள். கையேட்டில் அது நடக்காது, ஏனென்றால் இரண்டாம் பக்கத்து எச்சரிக்கையே இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. கழுத்து நிற்காத குழந்தையை இருக்கையில் சாய்த்து வைத்தால் தலை முன்னே தொங்கி, தாடை நெஞ்சில் முட்டி, மூச்சுக்குழல் நெருக்கப்படும். ஆகவே முதல் ஆறு மாதம் மட்டமாகப் படுக்க வேண்டும். படிப்பவருக்கு எது படுக்கும் வண்டி, எது உட்காரும் வண்டி என்று பெயரிலேயே தெரிய வேண்டும்.

உங்கள் சொற்களைத் தாருங்கள்.


மடல் 2 | கோவை | செவ்வாய் காலை

> எது படுக்கும் வண்டி, எது உட்காரும் வண்டி என்று பெயரிலேயே

பெயரில் இவ்வளவு ஏற்ற வேண்டாம். 'குழந்தைத் தள்ளுவண்டி' போதும். நான்காம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை, த் மிகும். தள்ளுவண்டி வினைத்தொகை, பிரிக்காமல் எழுத வேண்டும். படுக்கும் வகையைக் கிடைவண்டி என்றும், உட்காரும் வகையைத் தள்ளு நாற்காலி என்றும் பிரித்துக்கொள்ளலாம்.


மடல் 3 | மதுரை | செவ்வாய் பகல்

தள்ளுவண்டி என்றால் இங்கே வாழைப்பழ வண்டி, இட்லி வண்டி, இஸ்திரி வண்டி. நான்கு சைக்கிள் சக்கரத்தின் மேல் பலகை. முன்னால் 'குழந்தை' என்று ஒட்டினாலும் அந்தப் படம் கண்ணைவிட்டுப் போகாது. பக்கி என்று அப்படியே எழுதவும் கூடாது. இந்தப் பக்கம் அது வசைச்சொல்.

'மழலை வண்டி' என்று யாராவது சொல்வதற்கு முன்னால் நானே தடுத்துவிடுகிறேன். மழலை என்பது குழந்தையின் பேச்சு, குழந்தை இல்லை. 'மழலைச்சொல் கேளா தவர்' என்றுதானே குறள்.


மடல் 4 | தஞ்சை | செவ்வாய் மாலை

அன்பர்களே, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம். குழந்தைக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவுக்குத் தமிழில் ஈராயிரம் ஆண்டுப் பெயர் இருக்கிறது: சிறுதேர். பட்டினப்பாலை 'முக்காற் சிறுதேர்' என்கிறது. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று இன்று விற்கும் மூன்று சக்கர வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும்? ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவமும் சிறுதேர்தான்.

'வண்டி' மீது எனக்குப் பகை இல்லை. வள் என்னும் வளைவுப் பொருள் வேரிலிருந்து வட்டம், வளையம், வண்டி என்று வந்ததாகவே கொள்கிறேன். பண்டி அதன் மாற்று வடிவம். ஆனால் தேர் என்று வைத்துக்கொண்டால் உறுப்புகளுக்கும் பெயர் தேட வேண்டியதில்லை. அச்சு, அச்சாணி, குடம், ஆரக்கால், முட்டுக்கட்டை எல்லாம் கூடவே வருகின்றன. கைப்பிடியில் பைகளை மாட்டாதீர்கள் என்று கையேட்டில் ஓர் எச்சரிக்கை இருக்கத்தான் செய்யும். அதற்கும் வள்ளுவர் இருக்கிறார்: 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்'. மயிலிறகு ஏற்றிய வண்டியானாலும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும்.

தூய்மைக்காகச் சொல்லவில்லை. இருக்கிற சொல்லை எடுத்துப் புழங்காவிட்டால் அது செத்துப்போகும்.


மடல் 5 | யாழ்ப்பாணம் | செவ்வாய் இரவு

ஐயா சொல்லுற பாட்டுகளை ஒருக்கா முழுசாய்ப் பாருங்கோ. பட்டினப்பாலையில் சிறுதேரை உருட்டுறது புதல்வர். குறுந்தொகை 61-இல் தும்பிசேர்கீரன் இன்னும் தெளிவாகச் சொல்லுறார்: தச்சன் செய்த சிறுமா வையத்தில், அதாவது சின்னக் குதிரை பூட்டின வண்டியில், பிள்ளைகள் ஊர்ந்து இன்புறாவிட்டாலும் கையால் ஈர்த்து இன்புறுவினம். ஊர்வது இல்லை, ஈர்ப்பதுதான் என்று பாட்டே சொல்லுது. பிள்ளைத்தமிழிலும் பிள்ளைதான் தேர் உருட்டும். சிறுதேர் பிள்ளை ஓட்டுற விளையாட்டுச் சாமான். நாங்கள் பேசுறது பிள்ளையை ஓட்டிக்கொண்டு போற சாமான். செய்வினை, செயப்பாட்டுவினை மாதிரி இரண்டும் நேர் எதிர். நடைவண்டியும் இதே காரணத்தால் விழுந்துவிடும்.

கோவை அன்பரின் கிடைவண்டிக்கும் மறுப்பு. கிடையாய்க் கிடக்கிறார் என்றால் எங்கட ஊரில் எழும்ப முடியாத நோயாளி. பிறந்த பிள்ளைக்கு அந்தச் சொல் வேண்டாம். தமிழ்நாட்டில் கிடை போடுறது ஆட்டுக்கு.

லண்டனில் இதைப் படிக்கிற பலர் ஈழத்து ஆட்கள். அவையள் வாயில் வண்டில், பிள்ளை இரண்டும்தான் வரும். 'பிள்ளை வண்டில்' என்று ஒரு இடத்திலாவது போடுங்கோ.


மடல் 6 | டொரண்டோ | புதன் அதிகாலை

வண்டிகளின் இயந்திரப் பக்கத்தைப் பற்றி மட்டும்.

தஞ்சை ஐயாவின் குறள் அழகு, ஆனால் இங்கே பொருந்தாது. சாகாட்டின் அச்சு முறிவது பார மிகுதியால். கைப்பிடியில் பை மாட்டிய வண்டி முறிவதில்லை, மல்லாக்கக் கவிழ்கிறது. கைப்பிடி பின்சக்கர அச்சுக்கும் பின்னால் நீண்டிருக்கிறது. அதில் தொங்கும் ஐந்து கிலோ, நெம்புகோல்போல முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். குழந்தையின் எடை முன்னால் இருக்கும்வரை சமாளிக்கும். குழந்தையை வெளியே எடுத்த நொடியில் வண்டி பின்னால் சாயும். இரண்டாவது குழந்தை உள்ளே இருந்தால் அதுவும் சேர்ந்து விழும். கீழ்க்கூடையில் வைத்தால் பாரம் அச்சுகளுக்கு நடுவே, தாழ இறங்கிவிடும். கையேட்டில் 'முறியும்' என்று எழுதிவிடாதீர்கள், 'பின்னால் கவிழும்' என்று எழுதுங்கள்.

'மட்டமாக' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். கொத்தனாருக்கு மட்டம் நல்ல சொல், ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். கடையில் 'மட்டமான வண்டி' என்றால் தரங்கெட்ட வண்டி. ஐரோப்பியத் தரம் ஈ.என். 1888, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கான இருக்கையில் அடிப்பலகைக்கும் முதுகுப்பலகைக்கும் இடையே குறைந்தது 150 பாகை இருக்க வேண்டும் என்கிறது. 150 என்ற எண்ணை மட்டும் போட்டால் எங்கிருந்து அளப்பது என்று யாருக்கும் தெரியாது. 'முதுகுப்பலகை முழுவதும் சாய்ந்து, குழந்தை மல்லாந்து படுக்கும் நிலை' என்று விரித்து எழுதுவதே நல்லது.


மடல் 7 | லண்டன் | புதன் காலை

யாழ்ப்பாணத்து ஐயாவின் செய்வினை விளக்கத்துக்குப் பிறகு சிறுதேரை என்னால் எடுக்க முடியவில்லை. தஞ்சை ஐயா பொறுத்தருள்க.

'தள்ளு நாற்காலி'யும் ஆகாது. இங்கே பேருந்தில் சக்கர நாற்காலிக்கென்று ஓர் இடம் உண்டு. அது காலியாக இருந்தால் குழந்தை வண்டியை நிறுத்தலாம். சக்கர நாற்காலிக்காரர் ஏறினால் அவருக்கே முன்னுரிமை, நாம் வண்டியை மடக்கி இடம் விட வேண்டும். ஒரே பத்தியில் இரண்டு நாற்காலி வந்தால் யார் யாருக்கு இடம் விடுவது என்று வாசகர் தடுமாறுவார்.

என் முன்வைப்பு: படுக்கும் வகைக்குத் தொட்டில்வண்டி, உட்காரும் வகைக்கு இருக்கைவண்டி, குடைபோல மடங்குவதற்கு மடக்குவண்டி. சட்டத்திலிருந்து கழற்றிக் கையில் எடுத்துப் போகும் படுக்கைக்குக் கைத்தொட்டில். இதில் ஒரு வசதியும் உண்டு. கைத்தொட்டில் பெரும்பாலும் ஒன்பது கிலோ வரைதான். அதற்கு முன்பே குழந்தை தானாக உட்காரவோ முட்டிபோட்டு எழவோ தொடங்கினால் அன்றே நிறுத்திவிட வேண்டும். 'தொட்டில் பருவம் முடிந்தால் தொட்டில்வண்டியும் முடிந்தது' என்று பெற்றோர் தாங்களே புரிந்துகொள்வார்கள்.


மடல் 8 | தஞ்சை | புதன் பகல்

பொறுத்தேன். ஆனால் தொட்டில் தொங்க வேண்டும். தொங்காதது தொட்டில் ஆகுமா? தூளியும் ஏணையும் தொங்குபவை.

தோற்றத்தைப் பார்த்தால் வேறு வழியும் தெரிகிறது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். தொடு என்றால் தோண்டு. 'தொட்டனைத் தூறும் மணற்கேணி'. தோண்டியதுபோல் குழிந்தது தொட்டி, சிறிய குழிவு தொட்டில் என்று கொண்டால் தொங்குவது கட்டாயமில்லை, குழிவுதான் கட்டாயம். கைத்தொட்டிலும் குழிந்தே இருக்கிறது. இந்த வழியில் உங்கள் சொல் தப்பிக்கும். ஆனாலும் என் காது ஏற்கவில்லை. 1733-இல் டெவன்ஷயர் கோமகனின் பிள்ளைகளுக்கு வில்லியம் கெண்ட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த குழந்தை வண்டியை ஆடோ மட்டக்குதிரையோ இழுத்ததாம். அதைத் தேர் என்னாமல் என்னவென்பது?


மடல் 9 | மதுரை | புதன் பகல்

தொங்காத மரத்தொட்டில் எத்தனையோ வீட்டில் கால் ஊன்றி நிற்கிறது ஐயா. தொட்டில்வண்டிக்கு என் வாக்கு.


மடல் 10 | டொரண்டோ | வியாழன்

மடக்குவண்டியை ஆதரிக்கிறேன். துணியை மடிக்கிறோம், கத்தியையும் கட்டிலையும் மடக்குகிறோம். கீல் உள்ளதற்கு மடக்குதான் சரி. 1965-இல் ஓவன் மெக்லாரன் என்ற வானூர்திப் பொறியாளர், ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் இறங்குசக்கரங்களில் வேலை செய்தவர், அலுமினியக் குழாய்களால் செய்தது இதுதான். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது மடங்கு, மடக்கு என்ற தன்வினை, பிறவினை வேறுபாடு. இந்த வண்டிகளில் இரண்டு விபத்துகள். ஒன்று, குழந்தை உள்ளே இருக்கும்போது வண்டி தானாக மடங்குவது. மற்றொன்று, நாம் மடக்கும்போது குழந்தையின் விரல் கீலில் சிக்குவது. 2009-இல் அமெரிக்காவில் சுமார் பத்து லட்சம் மடக்குவண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டதற்குக் காரணம் இரண்டாவது. கீலில் விரல்நுனி துண்டானது. ஆகவே கையேட்டில் 'மடங்காமல் இருக்க' என்றும் 'மடக்கும்போது' என்றும் இரு தலைப்பு வேண்டும், இரண்டையும் கலக்கக் கூடாது. தானாக மடங்காமல் இருக்க இரண்டு தாழ் உண்டு. முதல் தாழ், காப்புத் தாழ் என்று பெயரிடலாம். இரண்டும் விழுந்த சத்தம் கேட்ட பிறகே குழந்தையை வைக்க வேண்டும்.

பிரேக்குக்கு முட்டுக்கட்டை வேண்டாம். தேருக்கு அது சக்கரத்தின் அடியில் வெளியிலிருந்து போடும் கட்டை. இங்கே மிதியை அழுத்தினால் ஒரு முளை, சக்கரத்தின் உட்பக்கத்துப் பல்வரிசையில் இறங்குகிறது. முளை பல்லின் தலைமேல் உட்கார்ந்துவிட்டால் மிதி கீழே இருக்கும், பூட்டு விழுந்திருக்காது. மிதித்த பின் வண்டியை முன்னும் பின்னும் ஒரு விரற்கடை அசைத்து 'டக்' என்று விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய வண்டி வாங்குவோர் சரிவில் நிறுத்திப் பார்க்கட்டும். பல் தேய்ந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். பெயர் பிரேக் என்றே இருக்கட்டும், எல்லாருக்கும் புரிகிறது.

முன்சக்கரத்துக்கு யாரோ தனிமடலில் 'சுழல்சக்கரம்' என்றார்கள். சுழலாத சக்கரம் ஏது? இது செங்குத்துத் தண்டின்மேல் திசை திரும்புவது, ஆகவே 'திரும்புசக்கரம்'. சரளையிலும் புல்லிலும் அதைப் பூட்டி நேராக்கிக்கொள்ளாவிட்டால் குறுக்கே திரும்பி நின்றுவிடும்.


மடல் 11 | கோவை | வியாழன் இரவு

கிடைவண்டியைத் திரும்பப் பெறுகிறேன். குழந்தையைப் பிணைக்கும் பட்டைகளுக்கு 'வார்' என்ற சொல் இருக்கிறதே, செருப்பு வார், தோல் வார் என்று புழக்கத்தில் உள்ளதுதான். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கவட்டு வார் ஒன்று; ஆக 'ஐந்துவார்ப் பிணைப்பு'. கவட்டு வார் என்று எழுதக் கூச வேண்டாம். அதை மாட்டாமல் விடுவதால்தான் குழந்தை கீழே வழுகி, இடுப்பு வாரில் கழுத்து மாட்டிக்கொள்கிறது.


மடல் 12 | லண்டன் | வெள்ளி மதியம்

அனுப்பிவிட்டேன். தொட்டில்வண்டி, இருக்கைவண்டி, மடக்குவண்டி, கைத்தொட்டில், திரும்புசக்கரம், காப்புத் தாழ், ஐந்துவார்ப் பிணைப்பு. முதல் பக்கத்தில் ஒரு கட்டத்தில் பிராம், புஷ்சேர், பக்கி என்று கடைக்காரர் சொல்லும் பெயரும், 'பிள்ளை வண்டில்' என்ற வழக்கும் படத்துடன் உள்ளன. காரிலிருந்து கழற்றி வண்டிச் சட்டத்தில் மாட்டும் இருக்கைக்குச் சொல் கிடைக்கவில்லை. 'கார் இருக்கை' என்றே வைத்து, அதில் குழந்தையைத் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், பிறந்த குழந்தையை அதைவிடக் குறைவாகவே வையுங்கள் என்று சேர்த்தேன்.

ஒன்றுதான் உறுத்துகிறது. வெயிலுக்கும் மழைக்கும் வண்டிமேல் விரியும் மறைப்பை அவசரத்தில் 'குடை' என்று எழுதிவிட்டேன்.


மடல் 13 | தஞ்சை | வெள்ளி இரவு

குடை தனியே கையில் பிடிப்பது. வளைந்து மூடுவது கூண்டு. கூண்டு வண்டியில் பெரியோர் போனதில்லையா? அதன்மேல் துணி போர்த்தினால் காற்று அடைபட்டு உள்ளே சூடேறும் என்று எச்சரிக்கும் வரியிலும் 'குடைமேல் துணி' என்று இருந்தால் வாசகர் எதன்மேல் என்று தேடுவார். 'கூண்டின்மேல் துணி போர்த்தாதீர்' என்றால் கை தானே நிற்கும். மறுபதிப்பு வந்தால் திருத்துங்கள்.

தொட்டில்வண்டியை நான் இன்னும் ஏற்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். மூன்று சக்கர வகைக்கு மட்டுமாவது சிறுதேர் என்று வைக்க இடமுண்டா என்று யாழ்ப்பாணத்து ஐயா சொல்லட்டும்.