பிரெஞ்சு இயக்குநர் ஆக்னஸ் வர்தாவின் படங்களை முதலில் எப்படிப் பார்த்தீர்கள்?

நானே ஆரம்பிக்கிறேன். ஒரு ஃபிலிம் சொசைட்டி திரையிடலில் ‘ஆக்னஸின் கடற்கரைகள்’ (2008) பார்த்தேன். எண்பதை எட்டிய பாட்டி தன் கதையைச் சொல்கிறார் என்றதும் பழைய போட்டோவும் பேட்டியுமாக அறுக்கும் என்றுதான் போனேன். பார்த்தால், பெல்ஜியக் கடற்கரை மணலில் கண்ணாடிகளை நட்டு வைக்கிறார், பின்பக்கமாக நடக்கிறார், பாரிஸில் தான் குடியிருக்கும் தாகேர் தெருவிலேயே மணலைக் கொட்டி, அலுவலகப் பெண்களை நீச்சலுடையில் உட்கார வைத்து வேலை பார்க்க வைக்கிறார்! சிரித்துக்கொண்டே இருந்தோம். அப்புறம் கணவரும் இயக்குநருமான ஜாக் தெமி வருகிறார். 1990-ல் அவர் இறந்தது எய்ட்ஸால் என்பதை இதில்தான் வெளிப்படையாகச் சொல்கிறார். அதற்கு முன்பு தெமியின் சிறுவயதை வேறொரு படமாக எடுத்துக்கொண்டிருந்தபோதே, நோயில் கிடந்தவரின் தோலையும் முடியையும் கண்ணையும் அவ்வளவு கிட்டே போய் எடுத்திருக்கிறார். அழுகை, பின்னணி இசை என்று பிழியாமல் வெறுமனே கிட்டே போகிறார், அதுதான் என்னை உலுக்கியது.

*

அண்ணே, நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். எனக்கு முதலில் கிடைத்தது 2000-ல் வந்த, அறுவடைக்குப் பிறகு வயலில் மிஞ்சியதைப் பொறுக்குகிறவர்களைப் பற்றிய படம். கையடக்க டிஜிட்டல் கேமராவில் ஒரு கையால் தன்னுடைய சுருங்கிய இன்னொரு கையை எடுக்கிறார் பாருங்கள், அந்த இடம்! ஒருமுறை கேமராவை அணைக்க மறந்துவிட, லென்ஸ் மூடி தொங்கி ஆடுவது மட்டும் பதிவாகியிருக்கிறது. நாங்கள் என்றால் யோசிக்காமல் வெட்டிவிடுவோம். அவரோ அதற்கு ஜாஸ் இசை போட்டு அப்படியே விட்டுவிட்டார்.

*

எனக்கு ‘கடற்கரைகள்’ கொஞ்சம் அலுப்புதான், தன்னையே ரசித்துக்கொள்வது அதிகம். அதே தாகேர் தெருக் கடைக்காரர்களைப் பற்றிய ‘தாகேரோடைப்கள்’ (1976) பாருங்கள். சின்னப் பையனை விட்டுத் தூரம் போக முடியாது என்று வீட்டு மின்சாரத்திலிருந்தே கேபிள் இழுத்து, அது எட்டுகிற தூரத்துக்குள் இருந்த பேக்கரிக்காரர், கறிக்கடைக்காரர், தையல்காரரை மட்டும் எடுத்தார். குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டிருந்த நேரத்தில் அதைப் பார்த்தேன். பொறாமையாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

*

அந்தக் கோபம் நியாயம்தான் தோழி. வீடியோ தம்பிக்கு ஒன்று: 1966-ல் ஓடாமல் போன தன் படத்தின் ஃபிலிம் சுருள்களைத் தொங்கவிட்டு அவர் ஒரு குடிலே கட்டினார், அதுவும் ‘கடற்கரைகள்’ படத்தில் வருகிறது. பெரிய நட்சத்திரமான கேத்தரின் தெனவ் நடித்தும் ஓடவில்லை!