பழைய கைத்துப்பாக்கிக்கு அமெரிக்க அடகுக் கடையில் விலை இறங்காதது ஏன்?

கொட்டாஞ்சேனைக்காரன்:

கொழும்புச் செட்டியார் தெருவில் அடகு என்றால் தங்கம்தான். உரைகல்லில் உரைப்பார்கள், நிறுப்பார்கள், கல்லுக்கும் அரக்குக்கும் கழிப்பார்கள், பவுணுக்கு 8 கிராம் கணக்கில் காசு தருவார்கள். செய்கூலிக்கு ஒரு சதமும் இல்லை.

அமெரிக்க அடகுக் கடைகள் இணையத்தில் போடும் விற்பனைப் பட்டியல்களைப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. மூன்று வருடப் பழைய மடிகணினி பாதி விலைக்கும் கீழே. அதற்குப் பக்கத்திலேயே 1970களில் செய்த ரிவோல்வர், அதே கம்பனியின் புது ரிவோல்வரை விடக் கூடிய விலையில். இரும்பை நிறுத்து யாரும் வாங்குவதில்லையே. வெறும் பழசு என்பதற்காகவா? சட்டம் ஏதும் காரணமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வாங்குகிற எண்ணமில்லை, இங்கே அது நடக்கிற காரியமும் இல்லை.

திருகாணி:

நகையில் கழிபட்டுப் போகிற செய்கூலிதான் துப்பாக்கியில் நிற்கிறது.

ஸ்மித் அண்ட் வெசன் கம்பனியின் பழைய ரிவோல்வர்களில் விரலால் இழுக்கும் விசை, ரவையை (தோட்டாவை) தட்டும் சுத்தியல் எல்லாம் அடித்து உருவாக்கிய உருக்கு. அவற்றை ஒருவர் அரம் போட்டு ஒன்றோடொன்று பொருத்துவார். துப்பாக்கியின் உடற்சட்டத்தில் குழல் அசையாமல் இருக்கக் குறுக்கே ஒரு ஊசி அடித்திருப்பார்கள். மேக்னம் என்ற வலுக் கூடிய ரவை போடும் மாடல்களில் ரவையின் விளிம்பு உள்ளே அமரும்படி, ரவைகளை வைத்துச் சுழலும் சிலிண்டரின் பின்பக்கத்தைக் குடைந்திருப்பார்கள். 1982 வாக்கில் செலவைக் குறைக்க இந்த இரண்டையும் விட்டார்கள். 1990களின் கடைசியில் விசையும் சுத்தியலும் உலோகப் பொடியை அச்சில் வார்த்துச் சூளையில் இறுக்கும் முறைக்கு மாறின. 2001க்குப் பிறகு உடற்சட்டத்தின் இடப்பக்கத்தில் பாதுகாப்புப் பூட்டுக்கான சாவித் துளை ஒன்று வந்தது. சுடும் தரத்தில் புதுசு மோசமில்லை. ஆனால் வாங்குகிறவன் முதலில் பார்ப்பது அந்தத் துளை இருக்கிறதா என்றுதான்.

கோல்ட் பைதன் ரிவோல்வர் இன்னும் நல்ல உதாரணம். (கோல்ட் என்பது இங்கே கம்பனிப் பெயர். செட்டியார் தெருக்காரர்கள் குழம்ப வேண்டாம்.) 1955இல் வந்தது, 2005இல் நின்றது. கையால் மெருகேற்றிய உருக்கில் ஏற்றிய ஆழ்ந்த நீல நிறம், அதில் முகம் பார்க்கலாம். 2020இல் அதே பெயரில் புதுசு 1,499 டொலருக்கு வந்தது. பழசின் விலை சரியும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். நல்ல நிலையில் உள்ள பழசுக்கு இன்றும் புதுசை விடக் கூடத்தான் கேட்கிறார்கள்.

மடிகணினியோடு ஒப்பிட்டீர்கள். அதற்கு மென்பொருள் நின்றால் சாமான் செத்த மாதிரி. .38 ஸ்பெஷல் ரவை நூற்றிருபது வருடத்துக்கு மேலாக அளவு மாறாமல் விற்கிறது. 1950இல் செய்த ரிவோல்வருக்கும் இன்றைக்குக் கடையில் வாங்கும் ரவை சரியாகப் பொருந்தும்.

வெள்ளவத்தை வாசகி:

திருகாணி சொன்னது சரி, ஆனால் பழசு என்றால் எல்லாவற்றுக்கும் இந்த விலை இல்லை. அடகுக்காரர் மேசையில் வைத்து எதைப் பார்க்கிறார் என்று சொன்னால்தான் விளங்கும்.

நகையை அடகு வைக்கப் போகும்போது பொலிஷ் போட்டுக் கொண்டுபோனால் ஒன்றும் கெடாது. துப்பாக்கியில் அதுவே பெரிய பிழை. தேய்ந்த நீலத்தைச் சுரண்டி மறுபடி நீலம் ஏற்றினால் பார்க்கப் புதுசு போலிருக்கும், சேகரிப்பவரிடம் பாதி விலைக்கும் போகாது. கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. முத்திரை எழுத்துகளின் ஓரம் கூராக இல்லாமல் மழுங்கியிருக்கும். ஸ்க்ரூத் துளைகளின் வாய் கிண்ணம் போல் குழிந்திருக்கும். பக்கத் தகடு உடற்சட்டத்தோடு சேரும் கோடு மயிரிழை போல் மறைந்திருக்க வேண்டியது, பொலிஷ் சக்கரம் பட்டால் பள்ளமாகத் தெரியும். ஸ்மித் அண்ட் வெசனின் நீல ரிவோல்வரில் சுத்தியலும் விசையும் சாம்பலும் பழுப்பும் கலந்த வண்ணத்தில் இருக்கும், வெப்பத்தால் கடினமாக்கும்போது வருவது அது. அவையும் நீலமாக இருந்தால் யாரோ கழற்றாமலே முழுதையும் தொட்டியில் முக்கியிருக்கிறார்.

அடுத்தது ஸ்க்ரூத் தலை. வீட்டு ஸ்க்ரூட்ரைவர் நுனி ஆப்பு மாதிரிச் சரிந்தது. துப்பாக்கி ஸ்க்ரூவின் வெட்டு நேர்ச்சுவர். சரிந்ததைப் போட்டு முறுக்கினால் வெட்டின் மேலோரம் பிய்ந்து வெள்ளையாகத் தெரியும். அதைப் பார்த்ததும் உள்ளே யாரோ அரம் போட்டு விளையாடியிருக்கிறார் என்ற சந்தேகம் வரும், விலை அங்கேயே இறங்கும்.

பிறகு இயக்கம். ரவை இல்லை என்று உறுதி செய்தபின் சுத்தியலை மெதுவாகப் பின்னுக்கு இழுப்பார். சுத்தியல் முழுதாகப் பின்னுக்குப் போகும் முன்பே சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டாமல் நின்றால் காலக்கணக்கு தவறிவிட்டது, ரவை குழலுக்கு நேரே நிற்காமல் ஈயத்தைப் பக்கவாட்டில் சீவித் தள்ளும். பழைய பைதனில் சிலிண்டரைத் தள்ளும் கை என்ற பாகம் தேய்வது தெரிந்த குறை, அதைச் சீர்செய்யத் தெரிந்தவர்களும் இப்போது குறைவு. சிலிண்டருக்கும் குழலுக்கும் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 4 முதல் 6 வரை இருப்பது நல்லது. 10ஐத் தாண்டினால் வாயு கசியும், வாங்குகிறவர் பேரம் பேசுவார்.

பெட்டியை எறிந்தவர்கள் இன்று தலையில் அடிக்கிறார்கள். தொடர் இலக்கம் ஒட்டிய அட்டைப் பெட்டி, கையேடு, அதனோடு வந்த துப்புரவுக் கம்பி எல்லாம் சேர்ந்தால் தனி விலை.

கணக்குப்புலி:

இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள், பணவீக்கம். 1955இல் பைதன் 125 டொலர். இன்றைய காசில் அது ஏறத்தாழ 1,500. நல்ல பழசு அதை விடக் கூட விற்பதால் பைதன் உண்மையிலேயே ஏறியது. ஆனால் பொலிஸ்காரர் இடுப்பில் தொங்கிய ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 10ஐ எடுங்கள். 1960களில் 70 டொலர் அளவு, இன்றைய காசில் 650க்கு மேல். தேய்ந்த பழசு 400க்கு விற்றால் அது நட்டம்தான். டொலர் எண்ணிக்கை கூடியிருப்பதால் ‘இறங்கவில்லை’ என்று தோன்றுகிறது. ரூபாயில் வாழும் நமக்கு இது புதுசா?

பழசிலும் குப்பை உண்டு. துத்தநாகக் கலவையில் வார்த்த மலிவுப் பிஸ்டல்கள், உதாரணமாக 1970 முதல் 1991 வரை வந்த ரேவன், ஐம்பது வயதானாலும் குப்பைதான். க்ளொக் நல்ல துப்பாக்கி, ஆனால் 1982இலிருந்து கோடிக்கணக்கில் செய்து தள்ளிவிட்டார்கள், தலைமுறை தலைமுறையாகப் புதுசு வந்துகொண்டே இருக்கிறது. அரிது என்ற பேச்சுக்கே இடமில்லை.

சட்டம் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் பெரிய திருப்பம். அதன் பிறகு தொடர் இலக்கம் கட்டாயம், இறக்குமதியாகும் கைத்துப்பாக்கிக்குக் குறைந்தபட்ச அளவும், அம்சங்களுக்கு இடும் புள்ளிக் கணக்கும். ஜெர்மன் கம்பனி வால்தரின் சிறிய பிஸ்டலான பிபிகே உயரம் போதாமல் மாட்டிக்கொண்டது. கம்பனி பெரிய மாடலான பிபியின் உடற்சட்டத்தில் பிபிகேயின் மேல்பகுதியைப் பூட்டி, பிபிகே-எஸ் என்று அனுப்பியது. அதனால் 1968க்கு முன் அங்கு போய்ச் சேர்ந்த உண்மையான பிபிகேக்குத் தனி மதிப்பு.

அடகுக் கடைக்கும் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: தன் சொந்தத் துப்பாக்கியை மீட்க வருகிறவரும் படிவம் நிரப்பிப் பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் வட்டி கட்டினாலும் கையில் கிடைக்காது. தொடர் இலக்கம் சுரண்டிய துப்பாக்கியை வைத்திருப்பதே அங்கே குற்றம், அதற்கு விலையே இல்லை.

கொட்டாஞ்சேனைக்காரன்:

நன்றி, தெளிவாகிவிட்டது. ஒரு கேள்வி மட்டும். பிரித்தானியக் காலத்து வெப்ளி ரிவோல்வர்கள் இலங்கையிலும் இருந்தவைதானே. அவற்றுக்கும் அங்கே இதே மாதிரி விலையா?

திருகாணி:

சிலிண்டரைப் பார்த்தால்தான் தெரியும். முதலாம் உலகப் போர்க்கால வெப்ளி மார்க் 6 அசலில் .455 ரவைக்கானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவுக்கு உபரியாகப் போனவற்றில் பெரும்பாலானவற்றின் சிலிண்டரைப் பின்பக்கம் சீவி, அங்கே மலிவாகக் கிடைத்த .45 ரவையை, ரவைகளைச் சேர்த்துப் பிடிக்கும் அரைவட்டக் கவ்வியில் போடும்படி மாற்றினார்கள். அந்த .45 ரவையின் அழுத்தம் .455ஐ விட அதிகம், மேலே மடங்கித் திறக்கும் அந்த உடற்சட்டம் அதற்காகச் செய்ததல்ல. சீவியதற்கு விலை குறைவு, சீவாததற்குக் கூட. சீவியிருந்தால் சிலிண்டரின் பின்முகத்தில் இருந்த இலக்கமும் சில வேளை பாதி அறுபட்டிருக்கும்.

இலங்கையில் இருப்பவை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்துக்குள் வருபவை. வருடா வருடம் புதுப்பிக்கும் அனுமதி இல்லாமல் வைத்திருக்க முடியாது. பரணில் ஏதும் கிடந்தால் விலை விசாரிக்கப் போக வேண்டாம், பொலிஸில் சொல்லுங்கள்.