யாழ்ப்பாணத்தில சைக்கிளில, நடந்து போய் ஆக்களிட்ட வாங்கிக் கட்டின அனுபவம் இருக்கோ?

கொக்குவிலான்:
எனக்கு ஒரு கலியாணவீடு இண்டைக்கும் மண்டைக்குள்ள நிக்குது. கோண்டாவிலில மண்டபம், கிட்டத்தானே எண்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு சைக்கிளிலயே போனன். கேற்றடியில நிண்டவர் காரையும் மோட்டச்சைக்கிளையும் கும்பிட்டு உள்ள விட்டுட்டு என்னைப் பாத்து "தம்பி, சமையலுக்கு வந்தாக்கள் பின்பக்கத்தால போங்கோ" எண்டார். நான் மாப்பிள்ளையின்ர பெரியப்பா மோன்! பிறகு மாமா வந்து "சொல்லியிருந்தா கார் அனுப்பியிருப்பனேயடா, மானத்தை வாங்கிறாய்" எண்டு காதுக்குள்ள. 2022ல பெற்றோல் தட்டுப்பாடு வந்து, கியூஆர் கோட்டைக் காட்டிப் பெற்றோலுக்கு வரிசையில நிண்ட நேரம் இந்த மாமாதான் என்ர சைக்கிளை இரவல் கேட்டவர்.

நல்லூரடிப்பிள்ளை:
சைக்கிளாவது பரவாயில்லை, நடந்து பாருங்கோ. திருநெல்வேலிச் சந்தைக்குப் பையோட போகேக்க ஒரு அன்ரி ஸ்கூட்டியை மறிச்சு "ஏறும் பிள்ளை, வீட்டில என்ன பிரச்சினை?" எண்டு குரலைக் குறைச்சுக் கேட்டா. பிரச்சினை ஒண்டும் இல்லை அன்ரி, மரக்கறி வாங்கப் போறன் எண்டா நம்பேல்ல. நல்லூர்த் திருவிழா 25 நாளும் றோட்டை மறிச்சு விட, இதே சனம் செருப்பும் இல்லாமல் சுடுமணலில நடக்குது, தேர் முடிஞ்சா பாண் வாங்கவும் ஸ்கூட்டி.

பழைய லுமாலா:
உங்களுக்கு மானம்தான் கவலை. 90களில சண்டை நேரம் பெற்றோலுக்குத் தடை, இருந்த மோட்டச்சைக்கிளும் ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில புகைச்சுக்கொண்டு ஓடினது, மற்றவையெல்லாம் உழக்கினவைதான். அம்மாவைக் கரியரில தலையணை கட்டி இருத்திப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனனான். கிடங்கில விழேக்க அவ வாய் திறக்கேல்ல, குடையை மட்டும் எனக்கு மேல பிடிச்சுக்கொண்டு வந்தா. எங்கட ஆக்களுக்கு சைக்கிள் எண்டா அந்தக் காலம்தான் நினைவு வரும். கார் வாங்கினவன் ஏன் வாங்கினான் எண்டு விளங்காமல் நக்கலடிக்காதேங்கோ.

கொக்குவிலான்:
அண்ணை நான் நக்கலடிக்கேல்ல, ஒழுங்கை முடக்கில இருக்கிற கடைக்குப் போகவும் கார் எடுக்கிறதைத்தான் சொல்லுறன்.

மட்காட்:
என்ர கதை சின்னன், பின்னேரம் பலாலி வீதியில லைற் இல்லாமல் வந்து ஒரு ஓட்டோவோட முட்டப் பாத்தனான், அவ்வளவுதான். ஆனா எல்லாருக்கும் ஒண்டு சொல்லோணும். முதல்ல சீற்றை உயத்துங்கோ, பெடல் கீழ நிக்கேக்க கால் கிட்டத்தட்ட நிமிந்திருக்கோணும், இங்க முக்கால்வாசிப் பேர் முழங்காலை மடிச்சு வைச்சுத்தான் உழக்கினம், பிறகு நாரி நோகுது, முழங்கால் நோகுது எண்டு சைக்கிளில பழி. காத்து இறுக்கமா அடியுங்கோ, காத்துக் குறைஞ்சா உழக்கிறது பாரம், ரியூப்பும் கெதியா வெட்டுப்படும். செயினுக்கு எண்ணெய் விட்டுத் துணியால துடையுங்கோ, இல்லாட்டி மண் ஒட்டும். பள்ளிக்கூடம் விடுற நேரம் கேகேஎஸ் (காங்கேசன்துறை) றோட்டில ஏறாதேங்கோ, ஒழுங்கையளுக்குள்ளால வெட்டிப் போகலாம். பின்னுக்குச் சிவப்பு லைற் கட்டாயம்.

ரியூசன் அம்மா:
மட்காட் அண்ணை, சீற் உயரமோ இப்ப பிரச்சினை? றோட்டுக்குக் காப்பெற் தார் போட்டாப் பிறகு வாகனங்கள் வாற வேகம் கண்டனீங்களே? என்ர மோன் ஓரமாத்தான் போனவன். மினிபஸ் ஒண்டு இன்னொண்டை முந்தேக்க பின்னால ஹோன் அடிச்ச அடியில பிள்ளை சைக்கிளோட வாய்க்காலுக்குள்ள. கொப்பியெல்லாம் சேறு. கொண்டக்டர் எட்டிப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு போறான், அந்தச் சிரிப்புத்தான் எனக்கு மறக்குதில்லை. அண்டையில இருந்து நானே ஏத்தி இறக்கிறன், ரியூசன் வாசலில என்னை மாதிரி இன்னும் எத்தினை தாய்மார், அந்த நெரிசலுக்கு நாங்களும் காரணம்தான். மானம், மரியாதை எல்லாம் பிறகு கதைப்பம், முதல்ல பிள்ளை உயிரோட வரோணும்.

நல்லூரடிப்பிள்ளை:
அக்கா, எங்கட ஒழுங்கையில பிள்ளையள் சேந்துதான் வெளிக்கிடுறவை, பின்னால பெரியாக்கள் ஒராள் மாறி மாறி உழக்கிறது. கூட்டமாப் போனா பஸ்காரனும் கொஞ்சம் விலத்துறான். உங்கட பக்கத்தில ஆக்கள் இருக்கினமே? ரியூசன் எந்தப் பக்கம், எத்தினை மணிக்கு விடுறது?