முதல் தங்கக் கட்டி: நாலு மாதம் ஆணி பொறுக்கியவன் சொல்வது

நாலு மாதமாக மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்து நான் சேர்த்த சொத்து: ஒரு டப்பா துருப்பிடித்த ஆணி, கொஞ்சம் தகரத் துண்டு, ஏழெட்டு ஈயக் குண்டு. இந்த ஈயம்தான் ஆளைக் கொல்லும். தங்கம் மாதிரியே கத்தும், கையில் எடுத்தால் கனமாகவும் இருக்கும். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு ஒரு குதி குதித்து அடங்கும்.

போன ஞாயிறு போனது, எப்போதோ ஆட்கள் தங்கம் அரித்துவிட்டுப் போன பழைய ஓடை. நிலத்துக்காரரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். தங்கம் தண்ணீரைவிட 19 மடங்கு கனம். சாதாரணக் கல் இரண்டரை மடங்கு சொச்சம்தான். வெள்ளம் கல்லை உருட்டிக்கொண்டு போகும், தங்கம் கீழே இறங்கிப் பாறை இடுக்கில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் அன்றைக்குப் பாறை தலைகாட்டுகிற இடம் மட்டும்தான் என்று முடிவு. இரும்பை ஒதுக்கும் வசதியையும் அணைத்துவிட்டேன். இரும்புச் சத்துள்ள மண்ணில் பொடித் தங்கத்தையும் மெஷின் இரும்பென்று தள்ளிவிடும். காது வலித்தாலும் பரவாயில்லை.

வந்ததைச் சிக்னல் என்றே சொல்ல முடியாது. ஹெட்போனில் ஓடிக்கொண்டிருந்த முனகல் ஒரு இடத்தில் லேசாக மூச்சு வாங்கியது. தாண்டிப் போய்விட்டேன். ஏதோ உறுத்த, திரும்பி வந்து டிடெக்டரைக் குறுக்கே வீசி ஆட்டினேன். அதே இடம், அதே மூச்சு. இரண்டு விரற்கடை மண்ணை ஒதுக்கிவிட்டு, காயிலை (டிடெக்டரின் அடியில் இருக்கும் தட்டு) தரையோடு ஒட்டி வீசினால், சத்தம் கூடுகிறது. மேலே கிடக்கும் குப்பை என்றால் மண்ணோடு நகர்ந்திருக்கும், இது நகரவில்லை.

இடுக்கை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, பிளாஸ்டிக் கரண்டியில் அள்ளினேன். பாதி மண்ணைக் கொட்டு, மிச்சத்தைக் காயிலில் காட்டு. கத்தினால் அதில் பாதியைக் கொட்டு. கடைசியில் ஒரு சிட்டிகை. அதைக் காயில் மேலேயே மெல்லத் தூவினேன். மண் சத்தமில்லாமல் விழுந்தது; நடுவே ஒன்று மட்டும் 'டொக்'. கூடவே ஹெட்போன் அலறியது.

எச்சில் தொட்டுத் துடைத்தேன். வெயிலுக்கு முதுகைக் காட்டி, என் நிழலில் வைத்துப் பார்த்தேன். தங்கம் மாதிரி ஏமாற்றும் பைரைட் கல்லும் அப்பிரகமும் திருப்பத் திருப்ப மினுக்கும், நிழலில் மங்கும். இது அப்படியே மஞ்சளாக இருந்தது. கத்தி முனையை அழுத்தினால் பொடியவில்லை, பள்ளம் விழுந்தது. பிறகு ஐந்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

எடை 0.4 கிராம். மூன்று குன்றிமணி தேறும். 1980ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் டிடெக்டரில் சிக்கிய 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' என்ற தங்கக் கட்டி 27 கிலோவாம். இருக்கட்டும்.

*

வாழ்த்துகள் அண்ணே! எனக்கு முதலில் கிடைத்தது இதில் பாதிகூட இருக்காது. பார்த்த சந்தோஷத்தில் கை நழுவி விழுந்து, அதே டிடெக்டரை வைத்து முக்கால் மணி நேரம் தேடினேன். ஒரு கேள்வி: எடுத்த பிறகு அந்த இடுக்கில் மறுபடி காயிலைக் காட்டினீர்களா? தங்கம் பெரும்பாலும் ஒண்டியாக இருக்காது.

*

காட்டவில்லை தம்பி. குழியை மூடிவிட்டு நேரே வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன். நீங்கள் கேட்டதிலிருந்து தூக்கம் போச்சு. பேட்டரி சார்ஜில் இருக்கிறது.