வயர் திருடனை நோட்டீஸ் கொடுத்து அனுப்பியது சரியா?

வெண்ணாற்றங்கரை:
மன்னார்குடி பக்கம் எங்கள் வயல். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் தண்ணீர் இங்கே வந்து சேர நாளாகும் என்று, போர் தண்ணீரை நம்பிக் குறுவைக்கு நாற்று விட்டிருந்தேன். ராத்திரியோடு ராத்திரியாக மோட்டார் வயரை அறுத்துவிட்டான். வாய்க்கால் ஓரம் வயரை எரித்துச் செம்பை உருவிய சாம்பல் கிடந்தது. புது வயர் போடுவதற்குள் நாற்றங்கால் வெடித்து, நாற்று கருகிவிட்டது. ஆள் செம்போடு சிக்கினான். ஸ்டேஷனில் நோட்டீஸ் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். இதுவா சட்டம்?

கோர்ட் வாசல்:
சட்டம்தான் ஐயா. திருட்டுக்கு, பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டமான நியாய சன்ஹிதா 303(2)-ல் அதிகபட்சம் 3 வருஷம். 7 வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம், ஆனால் ஏன் பிடித்தோம் என்று போலீஸ் எழுதி வைக்க வேண்டும். தேவை இல்லாவிட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 35(3)-ன்படி, விசாரணைக்கு வந்து ஆஜராகச் சொல்லி நோட்டீஸ். அதற்கு வராமல் போனால் கைது செய்யலாம். 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. உங்கள் கோபத்தை ஆற்றுவதற்காக ஒருவரை உள்ளே வைக்க முடியாது.

வெண்ணாற்றங்கரை:
அதே 35-ல், மறுபடி குற்றம் செய்யாமல் தடுக்கவும் கைது செய்யலாம் என்று இருக்கிறதே! அவன் மேல் ஏற்கெனவே இரண்டு வயர் கேஸ். இன்னும் எத்தனை வயல் காய வேண்டும்?

பேரளத்துக்காரி:
எங்கள் வீட்டுக் கதையையும் கேளுங்கள். இதே மாதிரி ஒரு திருட்டில் சந்தேகம் என்று தம்பியைக் கூட்டிப்போனார்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டு ராத்திரி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கைது செய்ததைப் பதிவு செய்யும் மெமோ கிடையாது, வீட்டுக்குத் தகவலும் கிடையாது. அம்மா இட்லிப் பொட்டலத்தோடு வாசலில் நிற்கிறாள், உள்ளே அப்படி யாரும் இல்லை என்கிறார்கள். மூன்றாம் நாள் 'நீ போகலாம்' என்றார்கள், அவ்வளவுதான். உங்களுக்கு நாற்று போனது பெரிய நஷ்டம்தான் அண்ணே. ஆனால் அந்த நோட்டீஸ் அன்றைக்கு என் தம்பிக்குக் கிடைத்திருந்தால் நாங்கள் கும்பிட்டிருப்போம்.

வெண்ணாற்றங்கரை:
தம்பிக்கு நடந்தது அநியாயம், ஒத்துக்கொள்கிறேன். அவனிடம் செம்பு சிக்கவில்லை. இவனிடம் சிக்கியது. இரண்டும் ஒன்றா?

கோர்ட் வாசல்:
ஒன்றில்லை. பழைய கேஸ் இருப்பதைக் காட்டிக் கைது கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது. அந்தக் குற்ற எண்களைப் போட்டு மனுக் கொடுங்கள். ஆனால் கேஸ் இருப்பது வேறு, தண்டனை ஆனது வேறு. முன்பே திருட்டில் தண்டனை ஆகியிருந்தால் இந்த முறை குறைந்தது 1 வருஷம், 5 வருஷம் வரை கடுங்காவல் உண்டு. இதுதான் முதல் தண்டனை, பொருளின் மதிப்பும் 5,000 ரூபாய்க்குள், அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால் சமூக சேவையோடு முடிந்துவிடும். வயர் வாங்கிய பில் இருக்கிறதா?

வெண்ணாற்றங்கரை:
இருக்கிறது, 9,200 ரூபாய். காலையில் மனுவோடு கொண்டுபோகிறேன்.