புதுப்பிப்பு: எஞ்சினை முழுதாகப் பிரிக்க முடிவு செய்துவிட்டேன்

ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்தபோது இரும்புத் துகள்கள் கிடைத்ததையும், என் விமானத்தின் லைக்கமிங் ஓ-320 எஞ்சினைச் சரிசெய்வதா, மாற்று எஞ்சின் போடுவதா என்று குழம்பியதையும் முன்பு எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மெக்கானிக் ஒரு சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தார். கேம்ஷாஃப்டின் (வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டு) ஒரு மேடு தேய்ந்திருக்கிறது. அதோடு உரசி, அதன் அசைவை வால்வுக்குக் கடத்தும் டேப்பெட்டின் முகம் பொரிந்து குழிகுழியாகிவிட்டது. இந்த எஞ்சினில் கேம்ஷாஃப்ட் கிராங்க்ஷாஃப்டுக்கு (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) மேலே இருக்கிறது. முந்தைய உரிமையாளரிடம் விமானம் நெடுநாள் பறக்காமல் நின்றபோது மேலிருக்கும் கேமிலிருந்து எண்ணெய் வடிந்து துரு பிடித்திருக்கும் என்பது மெக்கானிக்கின் கணிப்பு.

கேமை மாற்றக் கிராங்க்கேஸை (இந்தத் தண்டுகளைத் தாங்கும் எஞ்சின் கூடு) பிளந்தே ஆகவேண்டும். பெரிய வேலையே அதுதான். 2000 மணி நேர ஓவர்ஹால் (எஞ்சினை முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலை) வரம்புக்கு இன்னும் மிச்சமிருந்தாலும், அவ்வளவு தூரம் திறந்துவிட்டு கேமை மட்டும் மாற்றி மூட எனக்கு மனம் ஒப்பவில்லை. துகள்கள் பேரிங்குகளிலும் பதிந்திருக்கலாம். ஆகவே முழு ஓவர்ஹால். ஆயில் கூலரையும் புதிதாகவே போடப்போகிறேன்; பழையதன் உள்ளே சிக்கிய துகளை முழுதாகக் கழுவி எடுத்துவிட்டோம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

"இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள்" என்றார் ஒரு நண்பர். ஒற்றை எஞ்சின் விமானம், பக்கத்து இருக்கையில் என் மகள். மாட்டேன்.

மிச்சமிருப்பது கிராங்க்ஷாஃப்டின் காந்தத் துகள் சோதனை (காந்தமாக்கி, இரும்புத் தூள் தூவி விரிசல் தேடுவது). அதில் விரிசல் தெரிந்தால் செலவுக் கணக்கே மாறிவிடும். அப்போது மாற்று எஞ்சின்தான். முடிவு வந்ததும் எழுதுகிறேன்.