குளிர்காலத்தில் வானுக்கு ராப் ஒட்டுவது: கராஜ் எவ்வளவு சூடாக இருக்க வேணும்?

கேள்வி – ஸ்காபரோ டெலிவரி

வணக்கம். ஃபோர்ட் ட்ரான்சிட் கனெக்ட் வான், தொழிற்சாலைப் பெயின்ட், எங்கேயும் திருப்பிப் பெயின்ட் அடிக்கவில்லை. இரண்டு பக்கமும் பின்கதவும் காஸ்ட் வினைலில் (வளைவுகளுக்கு இணங்கும் மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம்) ராப் செய்ய, அதாவது ஃபிலிம் ஒட்டி மூட வேணும். தை மாதம் என்பதால் வெளியிலே மைனஸ் 10, 12. வீட்டோடு ஒட்டின கராஜுக்குள் 1500 வாட் மின் ஹீட்டர் போட்டால் 8 டிகிரிக்கு மேலே ஏறுதில்லை. ஃபிலிமோடு வந்த தாளில் குறைந்தபட்சம் 10 என்று இருக்குது. மிச்ச இரண்டு டிகிரியை ஹீட் கன்னால் ஈடுகட்டலாமோ? கதவின் கீழ் ஓரமும் பக்கத் தகட்டிலுள்ள பள்ளமும் பிறகு எழும்பக் கூடாது, அதுதான் முக்கியம்.

பதில் 1 – கத்தியும் ஃபெல்ட்டும்

ஈடுகட்ட ஏலாது தம்பி. அந்த 10, இதற்குக் கீழே ஒட்டவே கூடாது என்ற எல்லை. காஸ்ட் ஃபிலிம் கைக்கு இணங்கி வருவது 18 முதல் 25 டிகிரிக்குள். நான் சொல்வது காற்றின் சூட்டை அல்ல, தகட்டின் சூட்டை. சுவரில் தொங்கும் தெர்மோமீட்டர் 20 காட்டும்போதும் வானின் கீழ்ச்சட்டம் 6, 7இல் நிற்கக்கூடும்.

ஹீட் கன் சூடாக்குவது ஃபிலிமின் மேற்பரப்பை. பின்னாலிருக்கும் குளிர்ந்த இரும்புத் தகடு அந்தச் சூட்டை இழுத்துப் பரத்திவிடும். இன்ஃப்ராரெட் தெர்மோமீட்டரில் 40 என்று வரும். கன்னை எடுத்துச் சில விநாடி கழித்துப் பார்த்தால் பாதிகூட இராது. அதற்குள் ஃபிலிம் இழுபட்டுப் பள்ளத்துக்குள் போயிருக்கும், பசையோ இன்னும் பெயின்ட்டைப் பிடித்திருக்காது. இது அக்ரிலிக் பசை. அழுத்தத்தில் மெல்ல இளகிப் பெயின்ட்டின் நுண்ணிய மேடுபள்ளங்களை நனைத்தால்தான் பிடி வரும். குளிரில் அது விறைத்துப்போகும். இழுபட்ட ஃபிலிம் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும், பசை விட்டுக்கொடுக்கும், பள்ளத்தில் கூடாரம் அடித்த மாதிரி எழும்பும். நீங்கள் பயப்படுகிற கோளாறு வருவது இப்படித்தான். காற்று வெளியேறப் பசைக்குள் வைத்திருக்கும் மெல்லிய வாய்க்கால்களும் குளிரில் வடிவாக மூடாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வெள்ளி பூசினது போலத் தெரியும் இடங்கள் அவை.

முதல்நாளே வானை உள்ளே விட்டு, ஆகக் குறைந்தது 12 மணித்தியாலம், முடிந்தால் 24, சூட்டுக்குள் நிற்கவிடுங்கோ. பின்கதவையும் பக்கக் கதவையும் திறந்துவைத்து, சின்ன விசிறியால் சூடான காற்றைச் சரக்குப் பகுதிக்குள் அனுப்புங்கோ. சரக்கு வானுக்கு உட்புறம் அநேகமாக வெறும் தகடுதான். கதவைச் சாத்தி வைத்தால் உள்ளே அடைபட்ட குளிர்காற்று அந்தத் தகட்டைப் பின்னாலிருந்து குளிர வைத்துக்கொண்டே இருக்கும். பிறகு கீழ்ச்சட்டம், கதவின் அடி ஓரம், பின்பம்பர், சில்லு வளைவின் விளிம்பு நாலையும் அளவுங்கோ. கதவின் நடுப்பகுதியை அளந்து பிரயோசனமில்லை, அது முதலில் சூடாகிற இடம். நாலும் 18ஐத் தாண்டும்வரை லைனரை (ஃபிலிமின் பின்பக்கக் காகிதத்தை) உரிக்க வேண்டாம்.

ஃபிலிம் ரோலையும் பெட்டியோடு ஒரு நாள் அதே அறையில் வையுங்கோ. வெளிக்குளிரில் இருந்து கொண்டுவந்த கையோடு பிரித்தால் ஈரம் படியும். காகித லைனர் அதை உறிஞ்சி விரிந்து, ஃபிலிமிலிருந்து வரிவரியாகக் கழன்று நிற்கும். குளிர்ந்த வினைலில் கத்தி பட்ட இடம் அப்படியே கிழிந்துகொண்டு ஓடும்.

பதில் 2 – கராஜ் வயரிங்

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஹீட்டர் பத்தி மட்டும் நான் சொல்றேன்.

சூடு பத்தலைன்னு ப்ரொப்பேன் ஹீட்டரையோ மண்ணெண்ணெய் ஹீட்டரையோ உள்ளே வச்சிடாதீங்க. ஒரு கிலோ ப்ரொப்பேன் எரிஞ்சா சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியா வரும். புகைபோக்கி இல்லாத ஹீட்டர்னா அவ்வளவும் கராஜுக்குள்ளேயே நிற்கும், அப்புறம் இருக்கிறதிலேயே குளிர்ந்த இடத்துல போய்ப் படியும். அந்தக் குளிர்ந்த இடம் உங்க வேன்தான். காத்து 20 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம்னா பனிபடியும் புள்ளி சுமார் 9 டிகிரி. அதாவது 9க்குக் கீழே இருக்கிற எந்தத் தகட்டிலும் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் உட்காரும். ஈரப்பதம் 40ன்னா அது 6 டிகிரிக்கு இறங்கும். ஈரமானி விலை கம்மிதான், ஒண்ணு வாங்கி வேன் பக்கத்துல மாட்டுங்க.

மண்ணெண்ணெய் ஹீட்டர் இதோட மெல்லிய எண்ணெய்ப் படலத்தையும் விட்டுட்டுப் போகும், துடைச்ச பெயின்ட் மறுபடியும் அழுக்காகும். ரெண்டுமே கார்பன் மோனாக்சைடு விடும். வீட்டோட ஒட்டின கராஜ்ல அது உயிருக்கே ஆபத்து. இன்னொண்ணு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 12 டிகிரியிலேயே தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடும். நீங்க அதை வச்சுத்தான் வேன் முழுக்கத் துடைக்கப் போறீங்க. பக்கத்துல தீ எரியவே கூடாது. செக்கச்செவேல்னு காயிற கம்பி ஹீட்டரையும் துடைக்கிற நேரத்துல அணைச்சு வைங்க.

1500 வாட் ஹீட்டர் கொடுக்கிறது மணிக்கு சுமார் 5100 பிடியு (வெப்ப அளவு). காப்பு இல்லாத கராஜுக்கு மைனஸ் 12ல இது எந்த மூலைக்கு? முதல்ல கராஜ் கதவுக்கு ஃபோம் பலகை வைங்க, கீழ் ரப்பர் தேய்ஞ்சிருந்தா மாத்துங்க, வெப்பம் நிறைய அந்த வழியாத்தான் ஓடுது. நிரந்தரமா வேணும்னா 240 வோல்ட்ல 5000 வாட் யூனிட், சுமார் 17,000 பிடியு, 30 ஆம்ப் பிரேக்கர். அதை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன்தான் போடணும். ஒரு வேனுக்காக மட்டும்னா இவ்வளவு செலவு வேண்டாம். சூடாக்கின ஒர்க்ஷாப்புல ரெண்டு நாள் இடம் வாடகைக்கு எடுங்க, அதுதான் லாபம்.

பதில் 3 – உப்பும் பெயின்ட்டும்

குளிர்காலத்தில் ராப் கழன்றால் எல்லோரும் சூட்டைத்தான் குறை சொல்வார்கள். பாதிக் குற்றவாளி ரோட்டு உப்பு. அது வெறும் அழுக்கு இல்லை, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஓரத்தின் அடியில் ஒரு கோடு உப்பு இருந்தாலும் அந்த ஓரம் ஒருநாளும் வடிவாகக் காயாது.

ஒட்டுவதற்கு முதல்நாள், உள்ளே விடுவதற்கு முன்னமே, சோப்புத் தண்ணீரால் கழுவுங்கோ. மெழுகு சேர்க்கிற கார்வாஷ் வேண்டாம். உள்ளே வந்த பிறகு சில்லு வளைவுக்குள் இருக்கிற பனிக்கட்டி முழுக்க உருகி வடியட்டும். கதவுக் கண்ணாடியின் கீழே ஓடும் ரப்பர் பட்டியைப் பிளாஸ்டிக் நெம்புகோலால் மெல்லத் தூக்கிப் பாருங்கோ. வெளியே காய்ந்த மாதிரித்தான் இருக்கும். தூக்கினதும் சாம்பல் நிறத் தண்ணீர் ஒரு கோடாக இறங்கும். கைப்பிடி, சைட் கண்ணாடியின் அடி, நம்பர்ப்பலகை விளக்கு, பின்கதவுப் பிணைச்சல் எல்லா இடமும் இதே கதைதான். கம்ப்ரெசர் காற்றால் ஊதி, ஒரு மணித்தியாலம் விட்டுத் திரும்பவும் ஊதுங்கோ. நீங்கள் ஓரத்தை மடித்துக்கொண்டிருக்கும்போது வந்து சேருவது இந்தத் தண்ணீர்தான். உள்ளே மாட்டின நீர் வெளியே போனதும் உறையும். உறையும்போது 9 சதவீதம் அளவுக்குப் பெருத்து ஓரத்தைத் தூக்கும்.

தார்ப் புள்ளிகளைத் தார் நீக்கியால் எடுத்து, அதன் எண்ணெயைத் திரும்பவும் சோப்பால் கழுவ வேணும். கடைசித் துடைப்பு 70 பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 30 பங்கு தண்ணீர், இரண்டு துணி: ஒன்று நனைத்தது, மற்றது காய்ந்தது. தானாகக் காயட்டும் என்று விடாதேயுங்கோ. தகடு குளிராக இருந்தால் ஆல்கஹால் மெதுவாகப் போகும், கரைந்த அழுக்கு அதே இடத்தில் திரும்பப் படியும்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. சூடான இடம் ஒன்றை இரண்டு நாளுக்கு எடுக்கப் போறன். ஒட்டி முடித்த பிறகு பள்ளத்துக்கும் ஓரத்துக்கும் எவ்வளவு சூடு கொடுக்க வேணும்? அன்றைக்குப் பின்னேரமே வெளியில் எடுக்கலாமோ? பசைப் பிடியைக் கூட்டும் ப்ரைமர் பூசினால் நல்லதோ?

பதில் 1 – கத்தியும் ஃபெல்ட்டும்

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பள்ளத்தில் ஃபிலிமை முதலில் பாலம் போல மேலால் விட்டு, 40 முதல் 50 டிகிரி வரை மென்சூடு காட்டி, கையுறை விரலால் நடுவிலிருந்து அடிக்கு இறக்குங்கோ. மேட்டிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து பள்ளத்தை நிரப்பக் கூடாது. அப்படிச் செய்தால் இழுவிசை முழுக்க அடியில் தங்கும். இறங்கிய பிறகு ஃபெல்ட் துணி வைத்த ஸ்குவீஜியால் (தேய்த்து அழுத்தும் தட்டையான பலகையால்) அழுத்துங்கோ. கடைசியில் இழுபட்ட இடங்கள் எல்லாவற்றுக்கும் 95 முதல் 105 டிகிரி வரை சூடு. இந்தச் சூட்டில்தான் ஃபிலிம் தன் பழைய அளவை மறக்கும். உங்கள் ஃபிலிமின் தாள் வேறு எண் சொன்னால் அதையே பிடியுங்கோ. கன்னை மெதுவாக, ஒரே வேகத்தில் நகர்த்தி, ஒவ்வொரு சாணுக்கும் நிறுத்தி அளக்க வேணும். மாட் (மங்கல்), கிளாஸ் (பளபளப்பு) ஃபிலிம் இரண்டிலும் இன்ஃப்ராரெட் சரியாகக் காட்டும். குரோம் ஃபிலிமில் பொய் சொல்லும். ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் அளவுங்கோ.

கதவின் அடி ஓரத்தில் கத்தியை விளிம்போடு ஓட்டி வெட்டாதேயுங்கோ. ஆகக் குறைந்தது 6 மில்லிமீட்டர் விட்டு உள்ளே மடித்து, மடித்த பக்கத்துக்கும் அதே சூடு கொடுங்கோ. விளிம்போடு வெட்டின ஓரத்தில் பனியும் உப்பும் நேரே வந்து மோதும்.

ப்ரைமர் 94 போன்றவற்றை ஆழமான பள்ளத்தின் முனை, பம்பர் மூலை இவற்றுக்கு மட்டும், துணியால் தொட்டு மெல்லியதாகப் பூசலாம். முழு ஓரத்துக்கும் பூச வேண்டாம். பிடி கூடும்தான், ஆனால் தவறாக ஒட்டினதைத் திருப்பித் தூக்க விடாது, பின்னாளில் கழற்றும்போது கறையும் பசையும் பெயின்ட்டில் தங்கிவிடும். ஈரம், உப்பு, குளிர்ந்த தகடு எதையும் ப்ரைமர் மறைக்காது.

அன்றைக்கே வெளியே எடுக்க வேண்டாம். பசை முழுப் பிடிக்கு வர அறைச்சூட்டில் ஒன்றிலிருந்து மூன்று நாள் எடுக்கும், மைனஸ் 10இல் நிறுத்தினால் அந்த வேலை அப்படியே நின்றுவிடும். ஒட்டின பிறகு ஆகக் குறைந்தது ஒரு முழு நாள் உள்ளே நிற்க வேணும். ஆகையால் இடத்தை இரண்டு நாளுக்கல்ல, மூன்று நாளுக்குக் கேளுங்கோ: ஒரு நாள் சூடாக, ஒரு நாள் ஒட்ட, ஒரு நாள் நிற்க. எடுப்பதற்கு முன் எல்லா ஓரத்தையும் விரல்நுனியால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்து, எழும்பின இடத்தைச் சூடாக்கி அழுத்துங்கோ.

ஒரு கிழமைக்குக் கழுவ வேண்டாம். பிறகு பிரஷர் வாஷ் என்றால் 2000 பிஎஸ்ஐக்குள், 40 டிகிரி விரிகிற நாசில், 30 சென்டிமீட்டர் தூரம், ஓரத்துக்கு நேரே அடிக்காமல். உறைந்த பனியை ஃபிலிமின்மேல் ஸ்கிரேப்பரால் சுரண்டக் கூடாது. குளிரில் வினைல் மொறுமொறுத்துப்போய் இருக்கும், ஒரு கீறலிலிருந்தே வெடிப்பு ஓடும். மென்பனியை நுரைப் பிரஷால் தள்ளுங்கோ, கட்டியானதை வானின் உள்ஹீட்டர் இளக்கட்டும்.